பனிமலைக்குப் போகும் பை: ஒன்று கெட்டால் இன்னொன்று

டிசம்பர் தொடங்கி மார்ச் வரை உத்தரகண்டின் கேதார்காந்தா, பிரம்மதால், குவாரி பாஸ் பாதைகளில் மலையேற்றக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். லடாக்கில் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேலேயே நடந்து போகும் சாதர் பாதை இன்னும் கடினமானது. கேதார்காந்தாவின் உச்சி 3,800 மீட்டர். அதன் கீழ் முகாம்களில் இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் அது மைனஸ் 25க்கும் கீழே போகும். அங்கே ஒரு பொருள் கெட்டால் கடைக்குப் போய் வாங்க வழியில்லை. அதனால் பை கட்டும் வேலை, என்னென்ன வேண்டும் என்ற பட்டியலோடு முடிந்துவிடாது. இது எதனால் கெடும், கெட்டால் இதன் வேலையை எது செய்யும் என்று ஒவ்வொரு பொருளையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், அதே பொருளில் இன்னொன்று. இது அரைகுறை ஏற்பாடு. இரண்டு லைட்டர் இருந்தால் இரண்டையும் ஒரே குளிர் முடக்கும். இரண்டு செல்போன் இருந்தால் இரண்டின் பேட்டரியும் ஒரே இரவில் படுத்துவிடும். முதலாவதைக் கெடுக்கும் காரணம் இரண்டாவதைத் தொடக் கூடாது. அப்போதுதான் அது மாற்று. குளிர்காலப் பயணத்துக்கான ஆயத்தம் முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நிற்கிறது.

ஒரே காரணம் எல்லாவற்றையும் கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் ராபர்ட் ஸ்காட்டின் குழு இறந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று எரிபொருள். வழியில் புதைத்து வைத்திருந்த பாரஃபின் எண்ணெய் டின்களைத் திறந்தபோது, இருக்க வேண்டிய அளவு இல்லை. மூடியிலிருந்த தோல் வாஷர்கள் குளிரில் கெட்டு, எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போயிருந்தது. எண்ணெய் குறைந்தால் பனியை உருக்க முடியாது. குடிக்க நீர் இல்லை, சூடான உணவு இல்லை, ஈரக் காலுறையும் உலராது. அவர்களுடைய கடைசிக் கூடாரம் அடுத்த கிடங்கிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் நின்றுபோனது. அவர்களுக்கு முன்பே துருவத்தை அடைந்த அமுண்ட்சென், தன் டின்களின் வாயை ஈயப் பற்றுவைத்து அடைத்திருந்தார்.

உடல் சூட்டைக் கொண்டுபோகும் வழிகள்

உடலின் உள் வெப்பநிலை 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் உடல் குளிர்ந்துபோதல் தொடங்கிவிட்டது என்று மருத்துவம் கணக்கிடுகிறது. சூடு நான்கு வழிகளில் வெளியேறுகிறது: குளிர்ந்த பொருளைத் தொடுவதால், வீசும் காற்றால், கதிர்வீச்சால், வியர்வையும் மூச்சும் ஆவியாவதால். இவற்றோடு ஈரம் சேரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20க்குச் சமம். ஆகவே உலர்ந்திருப்பதும் காற்றுக்கு மறைவதும் கனமான ஸ்வெட்டரைவிட முக்கியம்.

உடையை மூன்று அடுக்காகப் பிரிப்பது வழக்கம். தோலோடு ஒட்டிய அடுக்கு வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ அதைச் செய்யும். நடு அடுக்கு காற்றைப் பிடித்து வைத்துச் சூடு காக்கும். வெளி அடுக்கு காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். பருத்தி இங்கே உதவாது. நம் ஊர் வெயிலில் வியர்வையைக் குடித்து உடம்பைக் குளிர்விக்கும் அதே குணம், பனியில் எதிரியாகிவிடுகிறது. பருத்திப் பனியன், ஜீன்ஸ், பருத்திக் காலுறை மூன்றும் அடிவார விடுதியிலேயே தங்கட்டும்.

ஏறும்போது வியர்ப்பதுதான் புதியவர்கள் அதிகம் கவனிக்காத ஆபத்து. நடக்கத் தொடங்கும்போது சற்றுக் குளிரும் அளவுக்கு உடுத்தி, நின்றவுடன் தடித்த ஜாக்கெட்டைப் போடுவது சன்ஸ்கார் போர்ட்டர்களிடமும் மலை வழிகாட்டிகளிடமும் பார்த்துக் கற்க வேண்டிய பழக்கம். வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் எடைக்குத் தரும் சூட்டில் முதலிடம் பெறும். நனைந்தால் இறகு ஒட்டிக்கொண்டு சூடு போய்விடும். செயற்கை இழை அடைத்தது கனம் கூடியது, நனைந்தாலும் ஓரளவு காக்கும். ஒன்றை உடுத்த, மற்றொன்றைப் பையில் வைக்க முடிந்தால் விதி நிறைவேறியது.

கைக்கு, விரல் பிரித்த மெல்லிய கையுறையின் மேல் விரல்கள் ஒன்றாகச் சேரும் தடித்த உறை. விரல்கள் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று சூடாக்கும். காற்றில் பறந்துபோன கையுறையைத் திரும்பப் பிடிக்க முடியாது. குழந்தைகளுக்குச் செய்வதுபோல நாடா வைத்து மணிக்கட்டில் கட்டிவிடுவது நல்லது. மாற்று ஜோடியும் வேண்டும். அதுவும் தொலைந்தால் கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டலாம். பூட்ஸ் இரண்டு காலுறையோடு தளர்வாகப் பொருந்த வேண்டும். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் உறையும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி காலுறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, என்ன ஆனாலும் பகலில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பூட்ஸ் நனைந்துவிட்டால் உலர்ந்த காலுறையின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன் மேல் பூட்ஸைப் போட்டு நடந்து தப்பலாம்.

தரை திருடும் சூடு

ஸ்லீப்பிங் பேக் வாங்குபவர்கள் உறையில் அச்சிட்ட மிகக் குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். சர்வதேசத் தரமுறைப்படி அதில் மூன்று எண்கள் இருக்கும்: வசதியாகத் தூங்கும் வெப்பநிலை, தாக்குப்பிடிக்கும் எல்லை, உயிர் மட்டும் தங்கும் கடைசி எல்லை. மூன்றாவது எண்ணை நம்பித் தூங்கப் போகக் கூடாது. அது உறைபனிக் காயத்தோடு பிழைக்கும் நிலை. முதல் எண்ணைத்தான் போகும் இடத்தின் இரவு வெப்பநிலையோடு ஒப்பிட வேண்டும்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும், முதுகின் கீழ் அழுந்தும் இறகு சூடு தராது. தரையிலிருந்து பிரிப்பது பாய்தான். காற்று நிரப்பும் பாய் வசதியானது. முள் குத்தினால் அன்றிரவே தரையோடு தரை. மூடிய நுரையாலான மடிப்புப் பாய் பஞ்சராகாது, இடம் மட்டும் அடைக்கும். குளிர்காலத்துக்கு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பதே நல்லது. இரண்டின் காப்புத் திறனும் கூடும்; ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும். எதுவுமே இல்லாத நெருக்கடியில் காலி ரக்சாக், கயிறு, தேவதாரு மரத்தின் உதிர்ந்த கிளைகள் எல்லாம் முதுகுக்கும் பனிக்கும் நடுவில் போகலாம்.

கூடாரம் கிழிந்தாலோ கம்பி முறிந்தாலோ தாங்க, ஆளுக்கொரு தடித்த பிளாஸ்டிக் உறை அல்லது பளபளக்கும் உலோகத் தாள் பை வேண்டும். முறிந்த கம்பிக்கு மேலே மாட்டும் சிறு குழாய், டேப், கேபிள் டை, ஊசி நூல், மெல்லிய கம்பி ஆகியவை ஒரு கைப்பிடி எடைதான். டேப்பை உருளையாகத் தூக்காமல் தண்ணீர் பாட்டிலின் மேல் சுற்றி வைத்தால் இடம் மிச்சம். ஒதுங்க இடமே இல்லையென்றால் பனியே கூரையாகும். காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் பள்ளம் தோண்டி மேலே விரிப்பைப் போட்டால், உள்ளே வெளியைவிடக் குளிர் குறைவாகவே இருக்கும். பனிச்சரிவு ஓடும் சரிவுகளில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. மூச்சுவிடத் துளை திறந்திருக்க வேண்டும். தோண்ட ஒரு மண்வெட்டி வேண்டும். கையால் தோண்டினால் கையுறை நனையும்.

அடுப்பு, நெருப்பு

நார்வே, கனடா காடுகளில் எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டு, விறகு மூட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இமயத்தின் குளிர்காலப் பாதைகளுக்கு அந்தப் பாடம் பாதிதான் பொருந்தும். மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டிய முகாம்களில் விறகே கிடையாது. லடாக் குளிர்ப் பாலைவனம். சன்ஸ்கார் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றோரக் குகைகளில் ஒதுங்கி, ஆறு ஒதுக்கிய சுள்ளிகளை எரித்து இரவைக் கழித்திருக்கிறார்கள். அது அவர்கள் தேவைக்கே போதாத அளவு. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் தீ மூட்டுவது குற்றம். ஆகவே இங்கே அடுப்புதான் முதல் ஏற்பாடு, விறகு நெருப்பு கடைசிப் புகலிடம்.

அடுப்பின் பலவீனம் அதன் எரிபொருளில் இருக்கிறது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில்தான் கொதித்து வாயுவாகும். அதற்குக் கீழே போனால் குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும். திருகினால் சுடர் வராது. ஐசோபியூட்டேன் ஏறக்குறைய மைனஸ் 12 வரை வரும். புரோப்பேன் மைனஸ் 42 வரை வாயுவாகும். சமவெளிக் கடைகளில் விற்கும் மலிவான நீளக் குப்பிகளில் பெரும்பாலும் பியூட்டேன்தான். குளிர்காலக் கலவை என்று எழுதிய, புரோப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த குப்பியைத் தேடி வாங்க வேண்டும். அதையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, எரிக்கும்போது பனியின் மேல் நிறுத்தாமல் பாய்த் துண்டின் மேல் நிறுத்த வேண்டும். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். டேராடூனிலோ லேவிலோ கிடைக்கும் இடத்தை முன்கூட்டியே விசாரித்து வைப்பது அவசியம்.

மண்ணெண்ணெயோ வெள்ளைப் பெட்ரோலோ ஊற்றிக் காற்றடித்து எரிக்கும் அடுப்பு கடுங்குளிருக்கு ஏற்றது. குளிர் அதன் அழுத்தத்தைக் குறைக்காது, ஏனென்றால் அழுத்தத்தைக் கைப்பம்பு கொடுக்கிறது. குறை என்னவென்றால், முதலில் பர்னரைச் சூடாக்க வேண்டும். பழக்கமில்லாதவர் கையில் சுடர் ஓரடி எழும். பம்பின் வாஷர் காய்ந்தால் காற்று ஏறாது. மாற்று வாஷரும் ஒரு சொட்டு எண்ணெயும் கூடவே போக வேண்டும். குழுவாகப் போனால் ஒரு வாயு அடுப்பும் ஒரு எண்ணெய் அடுப்பும் எடுத்துப் போவதே சிறந்த இணை. எந்த அடுப்பையும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது. நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, தூங்கியவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

பற்றவைப்பதற்கு மூன்று வழிகள் வேண்டும், மூன்றும் மூன்று இடத்தில். சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் ஒரு லைட்டர். அதற்குள்ளும் பியூட்டேன்தான் இருப்பதால் வெளிப்பையில் வைத்தால் எரியாது. நீர் புகாத டப்பாவில் தீக்குச்சியும் உரசும் பட்டையும். கழுத்துக் கயிற்றில் ஃபெரோசீரியக் கம்பி; கத்தி முதுகால் சுரண்டினால் அது நனைந்தாலும் உறைந்தாலும் பொறி தரும். ஆனால் பொறி விழ, பிடிக்கும் பொருள் தேவை. வாஸலின் தடவிய பஞ்சுருண்டையைப் பிரித்துவிட்டால் ஒரு பொறியில் பற்றி நாலைந்து நிமிடம் எரியும். நம் வீட்டுச் சூடமும் நல்ல துணை. தீக்குச்சி பட்டதும் பிடிக்கும், ஈரத்துக்கு அஞ்சாது. காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் மட்டும் ஆவியாகிக் காணாமல் போகும். பழைய சைக்கிள் டியூபின் துண்டு ஈரத்திலும் எரியும். பூர்ஜ மரத்தின் பட்டை நன்றாகப் பற்றும் என்று படித்தவர்கள் அதை உயிருள்ள மரத்திலிருந்து உரிக்கக் கூடாது. இமயத்தில் அந்த மரம் அருகி வருகிறது.

நீரும் உணவும்

சுற்றிலும் பனி இருக்க, தாகத்தால் தளர்வது குளிர்காலப் பயணத்தின் விநோதம். தாகம் மந்தமாகிறது, வறண்ட காற்று மூச்சு வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பனியை வாயில் போட்டுக்கொள்வது தீர்வாகாது. ஒரு லிட்டர் நீராகும் பனியை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர உடல் ஏறக்குறைய 120 கிலோகலோரி செலவழிக்கிறது. ஏற்கெனவே நடுங்குபவரிடம் அந்தச் சூடு இல்லை. பாத்திரத்தில் கொஞ்சம் நீர் ஊற்றி, அதன் மேல் பனியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். வெறும் பாத்திரத்தில் போட்டால் அடி தீயும். புதுப்பனி பத்துப் பாத்திரம் உருக்கினால் ஒரு பாத்திரம் நீர் கிடைத்தாலே அதிகம். எரிபொருள் கணக்குப் போடும்போது சமையலுக்கு மட்டும் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

அகன்ற வாயுள்ள பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் உறைதல் அடிப்பக்கம் தொடங்கும், வாய் திறக்கும். குழாய் வைத்த நீர்ப்பை முதல் மணி நேரத்திலேயே குழாயில் உறையும். இரவில் கொதிநீரைப் பாட்டிலில் ஊற்றிக் காலுறைக்குள் நுழைத்து ஸ்லீப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டால், இரவுக்குச் சூடு, காலைக்கு உறையாத நீர். நுண்குழல் வடிகட்டியை ஒருமுறை உறையவிட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துவிடும். அது வெளியே நன்றாகவே இருக்கும், கிருமியை மட்டும் தடுக்காது. அதுவும் உடம்போடு தூங்க வேண்டிய பொருள். குளோரின் மாத்திரை குளிர்நீரில் மெதுவாக வேலை செய்யும், இரட்டிப்பு நேரம் கொடுக்க வேண்டும். கொதிக்கவைப்பதே நம்பகமானது. 4,000 மீட்டரில் நீர் 87 டிகிரியிலேயே கொதிக்கும். கிருமி சாகும், அரிசி வேகத்தான் நேரம் பிடிக்கும்.

குளிரில் நடப்பவருக்கு நாளுக்கு 3,500 முதல் 4,500 கிலோகலோரி வரை தேவைப்படும். அடுப்பு கெட்டாலும் சாப்பிடக்கூடிய ஒரு முழு நாள் உணவு தனியே இருக்க வேண்டும். லடாக் மக்கள் வறுத்த பார்லி மாவான சம்பாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உண்பது இதற்காகவே அமைந்தது போன்ற உணவு. சத்துமாவில் நெய்யும் வெல்லமும் பிடித்த உருண்டை, முந்திரி, பேரீச்சை போன்றவை நம் பக்கத்து மாற்று. கடலைமிட்டாய் கல்லாகிவிடும், சிறு துண்டாக உடைத்தே எடுத்துப் போகலாம். மது உடம்பைச் சூடாக்கும் என்பது பொய். தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே கொட்டிவிடும்.

வெளிச்சம், வழி, செய்தி

லித்தியம் அயன் பேட்டரி குளிரில் சட்டென்று சரியும். செல்போன் பாதிச் சார்ஜ் இருக்கும்போதே அணையும். பூஜ்யத்துக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம். பவர் பேங்கும் போனும் பகலில் உள்பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்கில். ஹெட்லாம்ப்புக்குச் சாதாரண ஆல்கலைன் செல்லைவிட, மறுசார்ஜ் ஏறாத லித்தியம் செல் ஏற்றது. மைனஸ் 40 வரை தாங்கும். போனில் இறக்கிய வரைபடத்துக்கு மாற்று, நீர் புகாத உறையில் காகித வரைபடமும் திசைகாட்டியும். பயன்படுத்தத் தெரியாத திசைகாட்டி வெறும் எடை. வெண்பனியின் ஒளி சில மணி நேரத்தில் கண்ணை எரித்துவிடும். கறுப்புக் கண்ணாடி உடைந்தால், அட்டையில் மெல்லிய கீற்று வெட்டிக் கட்டிக்கொள்ளலாம்; ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் கீற்றிட்ட கண்ணாடி செய்து அணிந்தார்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் தவறாமல் பரிந்துரைக்கும் செயற்கைக்கோள் போனையும் செய்திக் கருவியையும் இந்தியாவில் அரசின் அனுமதியின்றி வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையங்களில் இவற்றோடு பிடிபட்டவர்கள் உண்டு. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். பள்ளத்தாக்குக்குள் அதுவும் கிடைக்காது. மிஞ்சுவது விசில், கண்ணாடி, பளிச்சென்ற நிறத் துணி. மூன்று முறை ஊதுதல், மூன்று முறை ஒளிர்தல் ஆபத்துக்கான சைகை.

முன்னே போகாதிருக்கும் வழி

2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயல், வடக்கே நகர்ந்து 14ஆம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணாப் பகுதியில் பெரும்பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்துத் தோரோங் கணவாயிலும் சுற்றிலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணவாயின் கல் குடிசையில் ஒதுங்கிய பின், பனிப்புயலுக்கு நடுவே இறங்க முயன்று மாண்டவர்கள் அவர்களில் உண்டு. வங்கக் கடலில் உருவான புயலின் செய்தி இரண்டு நாள் முன்னதாகவே உலகுக்குத் தெரிந்திருந்தது. 2024 ஜூனில், கோடை என்று நம்பிய மாதத்தில், உத்தரகாசியின் சஹஸ்திர தால் பாதையில் பனிப்புயல் தாக்கி கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் இறந்தார்கள். கருவிகளுக்கு மாற்று வைப்பதைப்போலத் திட்டத்துக்கும் மாற்று வைக்க வேண்டும்: ஒன்றிரண்டு உபரி நாள், அதற்கான உணவும் எரிபொருளும், எந்த மணிக்குள் உச்சி வராவிட்டால் திரும்புவது என்ற முடிவு. விடுப்பு முடிகிறது, ரயில் டிக்கெட் இருக்கிறது என்ற நெருக்கடிதான் பலரைக் கெட்ட வானிலையில் நடக்க வைக்கிறது.

உடன் வருபவரின் பேச்சு குழறினால், ஜிப்பைப் பூட்டக் கை தடுமாறினால், காரணமின்றி எரிந்து விழுந்தால், அது குளிர் மூளையைத் தொட்டதன் அறிகுறி. நடுக்கம் தானாக நின்றுவிடுவது முன்னேற்றமல்ல, மோசமாவதன் அடையாளம். ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததைப் போட்டு, தரையிலிருந்து பிரித்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும். உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது. மீண்டும் உறையும் வாய்ப்பிருந்தால் இளக்கவும் கூடாது. 2,500 மீட்டருக்கு மேல் உயர நோயும் இதே தடுமாற்றத்தைக் காட்டும். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது.

வீட்டிலேயே சோதனை

புதிதாக வாங்கிய பொருளை முதல்முறையாக மலையில் பிரிப்பது பெரிய தவறு. வீட்டு ஃப்ரீசரின் உள்ளே ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரி. ஹெட்லாம்ப், லைட்டர், டேப், கடலைமிட்டாய் ஆகியவற்றை ஓரிரவு அதில் வைத்து எடுத்தால், எது எரிகிறது, எது ஒட்டுகிறது, எதைக் கடிக்க முடிகிறது என்று தெரிந்துவிடும். எரிவாயுக் குப்பியை மட்டும் வைக்கக் கூடாது. அடுத்து, தடித்த கையுறையோடு அடுப்பை மூட்டிப் பார்க்க வேண்டும். ஐஸ் நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்துவிட்டுத் தீக்குச்சி கிழிக்க முயன்றால், குளிரில் விரல் எப்படி அந்நியமாகும் என்பது புத்தகம் இல்லாமலே புரியும். இருட்டில் கூடாரம் கட்டும் பழக்கம் மொட்டைமாடியிலேயே வரும்.

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். காட்டுக்குள் முகாமிட அனுமதி கிடையாது. தங்கும் விடுதியின் முற்றத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு ஓர் இரவு படுத்துப் பார்த்தாலே பாயும் பையும் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். அங்கே தோற்றால் பத்தடியில் அறை இருக்கிறது.

கடைசி ஏற்பாட்டுக்கு எடையே இல்லை. பாதையின் பெயர், முகாமிடும் இடங்கள், அழைத்துச் செல்லும் நிறுவனத்தின் எண், திரும்பும் நாளும் நேரமும் ஒரு தாளில் எழுதி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். குறித்த நேரம் தாண்டியும் தகவல் வராவிட்டால் அவர் முதலில் அந்த நிறுவனத்தையும் பிறகு அந்த மாவட்டத்தின் காவல்துறையையும் அழைக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். செல்போன் அலை கிடைக்கும் இடத்தில் நாடு முழுவதற்குமான அவசர எண் 112.